செராத்திங் கடற்கரையில் ஓர் அலைப் பாடம்

நவம்பர் பிறந்துவிட்டால் கிழக்குக் கரைப் பக்கம் போக வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பகாங், திரங்கானு, கிளந்தான் கரைகளில் அது மழைக்காலம். தீவுகளுக்குப் போகும் படகுகள் நின்றுவிடும். கடல் சேறு கலந்த தேநீர் நிறத்தில் புரண்டுகொண்டிருக்கும். ஆனால் குவாந்தானுக்கு வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் இருக்கும் செராத்திங் கிராமத்தில் அப்போதுதான் ஆள் சேரத் தொடங்குகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே அலைச்சறுக்குப் பருவம்.

படிவம் 4 படிக்கும் என் அக்காள் மகளை ஒரு டிசம்பர் விடுமுறையில் அங்கே அழைத்துப் போனேன். அவளுக்கு நீச்சல் தெரியும், ஆனால் அது குளத்து நீச்சல். கடலில் இடுப்பளவுக்கு மேல் அவள் இறங்கியதே இல்லை. உள்ளூர் இளைஞர்கள் நடத்தும் ஓர் அலைச்சறுக்குக் குழுவில் புதியவர்களுக்கான இரண்டு மணி நேர வகுப்பில் சேர்ந்தோம். அந்த இரண்டு மணி நேரத்தில் முதல் நாற்பது நிமிடம் தண்ணீரையே தொடவில்லை. மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கோ, இயற்பியல் பாடப் புத்தகத்தின் அலைகள் அத்தியாயம் கண்முன்னே உருண்டு வருவது போல இருந்தது.

முதலில் ஒரு கேள்வி. சிங்கப்பூரின் கிழக்குக் கரைப் பூங்காவிலும் கடல் இருக்கிறது, போர்ட்டிக்சனிலும் கடல் இருக்கிறது. அங்கே ஏன் யாரும் அலைச்சறுக்குப் பலகையோடு வருவதில்லை?

கடல் அலையைப் பெரும்பாலும் காற்றுதான் உண்டாக்குகிறது. அலை எவ்வளவு பெரிதாகும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: காற்றின் வேகம், அது எத்தனை மணி நேரம் விடாமல் வீசுகிறது, எவ்வளவு நீளமான திறந்த கடலின் மேல் வீசுகிறது. மூன்றாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். சிங்கப்பூரின் தென்கரைக்கு எதிரே பாத்தாம் தீவு ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இருக்கிறது. மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்ரா குறுக்கே கிடக்கிறது. காற்று என்னதான் வீசினாலும் அலை வளர்வதற்கு ஓடுதளம் போதாது. வடகிழக்குப் பருவக்காற்றோ தைவான் பக்கத்திலிருந்து தென்சீனக் கடலின் மேல் 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓடிவந்து தீபகற்பத்தின் கிழக்குக் கரையை அடைகிறது, அதுவும் நாள் கணக்கில் விடாமல். செராத்திங்கில் உடையும் அலையைத் தள்ளிவிட்ட காற்றைச் செராத்திங்கில் இருப்பவர் உணராமலே இருந்திருக்கலாம்.

மணலில் எங்களுக்குக் கொடுத்த முதல் வேலை எண்ணுவது. ஓர் அலை உடைவதைப் பார்த்ததும் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். அதற்குப் பின் பத்து அலைகள் உடைந்ததும் நிறுத்த வேண்டும். எங்களுக்கு 70 விநாடி வந்தது. ஆகவே அலைவு நேரம் 7 விநாடி. இந்த ஒரே எண்ணைக் கொண்டு ஆழ்கடலில் அந்த அலை எப்படி இருந்தது என்று கணக்கிடலாம். ஆழமான நீரில் அலையின் வேகம், அலைவு நேரத்தை 1.56 ஆல் பெருக்கினால் கிடைக்கும் மீட்டர். அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 11 மீட்டர். மணிக்கு 39 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், குடியிருப்புச் சாலையில் ஓடும் காரின் வேகம். வேகத்தை நேரத்தால் பெருக்கினால் அலைநீளம், 76 மீட்டர்.

ஆனால் ஓடுவது அலை மட்டுமே, தண்ணீர் அல்ல. ஆழ்கடலில் ஒவ்வொரு துளி நீரும் ஏறக்குறைய ஒரு வட்டமடித்துப் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. கடந்து போவது ஆற்றல்.

அலைநீளத்தில் பாதிக்கும் குறைவான ஆழத்துக்கு வந்ததும் அலை கடலடியை ‘உணர’ ஆரம்பிக்கிறது. நம் அலைக்கு அது 38 மீட்டர் ஆழம். அதன்பின் கரையை நெருங்க நெருங்க வேகம் குறைகிறது. ஆழம் மிகக் குறைந்த இடத்தில் கணக்கு இன்னும் எளிது: ஆழத்தை 9.8 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம். 2 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 4.4 மீட்டர், 1 மீட்டர் ஆழத்தில் 3.1 மீட்டர். அலைவு நேரம் மட்டும் மாறாது, ஏழு விநாடிக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கும். எனவே 76 மீட்டர் நீள அலை 22 மீட்டராகச் சுருங்குகிறது. முன்னால் இருப்பது மெதுவாகிவிட, பின்னால் வருவது நெருக்க, இடம் போதாமல் அலை உயரத்தில் எழும்புகிறது. நெரிசலான சாலையில் வாகனங்கள் ஒன்றை ஒன்று நெருங்குவதைப் போல.

பிறகு உடைகிறது. எப்போது? தோராயமாக, அலையின் உயரம் அங்குள்ள நீரின் ஆழத்தில் 0.78 பங்கை எட்டும்போது. ஒரு மீட்டர் உயர அலை 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாடத்தில் உயிரோடு விளையாடும் இடம் இதுதான். சற்று நேரத்தில் அதற்கு வருகிறேன்.

பலகை எடுக்கும் நேரம் வந்தது. என் மருமகள் நேராகப் போய் ஒல்லியான, கூர்மூக்குப் பலகை ஒன்றைத் தொட்டாள். குழுவின் பயிற்றுநர், எல்லாரும் அவரை ‘அபாங்’ என்றுதான் கூப்பிட்டோம், சிரித்துக்கொண்டே அவளிடம் நீல நிற நுரைப்பலகை ஒன்றை நீட்டினார். எட்டு அடி நீளம், கதவு மாதிரி அகலம். “மாமா, இது சின்னப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கிறது மாதிரி இருக்கு” என்றாள்.

இதற்கு ஆர்க்கிமிடிஸ் பதில் சொல்வார். அப்படிப்பட்ட நுரைப்பலகையின் கன அளவு ஏறக்குறைய 80 லிட்டர். முழுக்க அமிழ்ந்தால் 82 கிலோ கடல்நீரை அது இடம்பெயர்க்கும். பலகையின் சொந்த எடை 7 கிலோ என்று கொண்டால், 75 கிலோ வரை உள்ள ஒருவர் அசையாமல் ஏறி நின்றாலும் அது மூழ்காது. அவள் தொட்ட பலகை 30 லிட்டர்கூட இருக்காது. அதன் மேல் 50 கிலோ உள்ள ஒருவர் எழுந்து நின்றால் பலகை நீருக்குள் போய்விடும். அப்படியானால் தேர்ந்தவர்கள் அதில் எப்படி நிற்கிறார்கள்? அவர்களைத் தாங்குவது மிதப்பு விசை மட்டும் அல்ல. வேகமாக ஓடும் பலகையின் அடிப்பரப்பை நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. தட்டைக் கல்லை நீர்மேல் எறிந்தால் அது துள்ளித் துள்ளிப் போகிறதே, அதைப் போல. அந்த வேகம் வரும்வரை சிறு பலகை யாரையும் தாங்காது, புதியவருக்கோ அந்த வேகம் வருவதற்குள் ஆள் விழுந்திருப்பார். பெரிய பலகை அகலமாகவும் இருப்பதால் பக்கவாட்டில் கவிழ்வதும் குறைவு. நுரை என்பதால் தலையில் பட்டாலும் பெரிய காயம் ஆகாது. நல்ல குழு புதியவருக்குக் கொடுக்கும் வரவேற்பு பெரும்பாலும் இந்த நீலப்பலகைதான்.

மணலிலேயே குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து நிற்கப் பழக்கினார்கள். பத்துப் பதினைந்து முறை. முட்டி மடங்கியிருக்க வேண்டும், ஈர்ப்பு மையம் தாழ்ந்து பலகையின் நடுக்கோட்டுக்கு மேலேயே இருப்பதற்காக. நிமிர்ந்து நிற்பவர் சிறு சாய்விலேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார், விழுகிறார். பார்வை காலில் இருக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். விழுவதற்கும் தனிப் பயிற்சி: தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழ வேண்டும், மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். ஆழம் ஒரு மீட்டர்தானே என்று பாய்பவர் மணலில் கழுத்தை முறித்துக்கொள்ளலாம்.

ஒருவழியாக எழுந்து தண்ணீரை நோக்கி நடந்தோம். என் மருமகள் முன்னால் போனாள். எங்கள் நேர் எதிரே வெள்ளை நுரையாக அலைகள் உடைந்துகொண்டிருந்தன. கொஞ்சம் இடப்பக்கம், பதினைந்து மீட்டர் அகலத்துக்கு, அலையே இல்லாத ஒரு பகுதி. நீர் சற்றுக் கருத்து, சலசலவென்று அமைதியாக இருந்தது. அவள் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. யாராக இருந்தாலும் அப்படித்தான் திரும்பியிருப்பார்கள், நானும் அவள் பின்னாலேயே போனேன்.

அபாங் ஓடிவந்து அவள் பலகையைப் பிடித்துக்கொண்டார். “அங்கே ஏன் போகிறாய்?”

“அங்கே அலை இல்லையே.”

“ஏன் இல்லை என்று யோசி.”

இப்போது 0.78 விதிக்குத் திரும்புவோம். பக்கத்தில் எல்லாம் உடையும் அலை அந்த இடத்தில் மட்டும் ஏன் உடையவில்லை? அங்கே ஆழம் அதிகம். ஏன் ஆழம் அதிகம்? உடையும் அலைகள் நீரைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஆழ்கடலில் வட்டமடித்த நீர், அலை உடைந்தபின் உண்மையிலேயே முன்னோக்கிப் பாய்கிறது. தள்ளப்பட்ட நீர் எங்காவது திரும்பிப் போயாக வேண்டும் அல்லவா? மணல்திட்டுகளுக்கு இடையில் தாழ்வான பாதை கிடைத்தால் அதன் வழியே கடலை நோக்கி வேகமாக ஓடுகிறது, ஓடும்போதே மணலை அரித்து அந்தப் பாதையை மேலும் ஆழமாக்குகிறது. இதுதான் ஆளை வெளியே இழுத்துச் செல்லும் நீரோட்டம். கரையிலிருந்து பார்த்தால் அது அமைதியான தண்ணீர். நம் கண்ணுக்கு அபாயமாகத் தெரியும் வெள்ளை நுரை, இடுப்பளவு ஆழம். பாதுகாப்பாகத் தெரியும் கரிய பகுதி, கடலுக்குள் போகும் ஆறு.

அதன் வேகம் பல நேரங்களில் விநாடிக்கு அரை மீட்டர்தான் இருக்கும். சில வேளைகளில் 2 மீட்டரைத் தொடும். ஒலிம்பிக் வீரர்கள் குறுகிய தூரத்துக்கு நீந்தும் வேகமே அவ்வளவுதான், அதை எதிர்த்து நாம் நீந்தி வென்றுவிட முடியாது. கரையை நோக்கி முழு பலத்தோடு நீந்துபவர் களைத்துப்போய்த்தான் மூழ்குகிறார். அந்த நீரோட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது. எனவே மாட்டிக்கொண்டால் முதலில் மிதக்க வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, வெள்ளை நுரை தெரியும் பக்கம் நீந்த வேண்டும். நீரோட்டம் அகலத்தில் சிறியது. அலை உடையும் இடத்துக்குப் போய்விட்டால் அலையே கரைக்குத் தள்ளிவிடும். பலகை இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது.

இதையெல்லாம் அபாங் சூத்திரம் எதுவும் இல்லாமல், குச்சியால் மணலில் கோடு கிழித்துச் சொன்னார். தேர்ந்த சறுக்குவீரர்கள் அதே நீரோட்டத்தில் ஏறிக்கொண்டு கை வலிக்காமல் வெளியே போவார்கள் என்றும் சொன்னார். எனக்கு அது கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இந்த வகுப்பின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகளில் பலருக்குக் கடல் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு போகும் இடம். ‘தண்ணீரிடம் விளையாடாதே’ என்று மட்டும் சொல்லி வளர்க்கிறோம். எந்தத் தண்ணீர் என்று சொல்லித்தருவதில்லை. சிவப்புக் கொடி பறக்கும் நாளில் இறங்கவே கூடாது, அதில் பேச்சே இல்லை. கொடியோ காவலரோ இல்லாத கரையில் என்ன செய்வது? நாற்பது நிமிடம் உட்கார்ந்து கடலைப் பார்க்கப் பழகியவருக்கு அங்கே இறங்காமல் இருப்பதற்காவது ஒரு காரணம் தெரிந்திருக்கும்.

மீதி நேரம் வெள்ளை நுரையில் கழிந்தது. இடுப்பளவு நீரில் அபாங் பலகையைப் பிடித்து நிற்பார், அலை வரும்போது ஒரு தள்ளு தள்ளுவார். அந்தத் தள்ளுக்கும் காரணம் உண்டு. 1 மீட்டர் ஆழத்தில் அலை விநாடிக்கு 3.1 மீட்டரில் வருகிறது. கையால் துழாவும் புதியவர் அதில் பாதி வேகம்கூடப் போக மாட்டார், அலை அவரைத் தாண்டிப் போய்விடும். வேக வித்தியாசத்தைக் குறைத்துவிட்டால் அலையின் சரிவில் பலகை வழுக்கத் தொடங்கும். சரிவு முன்னே நகர்ந்துகொண்டே இருப்பதால் அந்தச் சறுக்கு முடிவதும் இல்லை.

என் மருமகள் ஒன்பது முறை விழுந்தாள். ஒவ்வொரு முறையும், யாரென்றே தெரியாத உள்ளூர்ச் சிறுவர்கள் கைதட்டினார்கள். பத்தாவது முறை நின்றாள், நான்கு விநாடி இருக்கும். விநாடிக்கு 3.1 மீட்டர் என்றால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று கரையிலேயே கணக்குப் போட்டாள். 12 மீட்டர் வந்தது. “பதினைந்துன்னு சொல்லிக்கலாமா மாமா?” என்று கேட்டாள்.

நீங்களும் செய்து பாருங்கள். அடுத்தமுறை கடற்கரைக்குப் போகும்போது காய்ந்த மணலில், பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து, அடுத்தடுத்துப் பத்து அலைகள் உடைய ஆகும் நேரத்தைக் குறியுங்கள். அலைவு நேரம் 5 விநாடி என்று வந்தால் ஆழ்கடலில் அந்த அலையின் வேகம் விநாடிக்கு 7.8 மீட்டர், அலைநீளம் 39 மீட்டர். பிறகு கரை நெடுகக் கண்ணை ஓட்டி, அலை உடையாத இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், மிதக்கும் இலையோ நுரையோ அங்கே எந்தத் திசையில் நகர்கிறது என்று ஐந்து நிமிடம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.