அசையாத ஆஸிலேட்டர்

கேள்வி: புராஜெக்ட்டுக்காக ஒரேமாதிரி மூன்று இன்வெர்ட்டர்களை வளையமாக இணைத்து ரிங் ஆஸிலேட்டர் வரைந்தேன். சப்ளை 1.8 வோல்ட். ஸ்பைஸ் மென்பொருளில் ஓட்டினால் மூன்று முனைகளிலும் 0.9 வோல்ட்டில் நேர்கோடுதான் வருகிறது. லேபில் ஐசி வைத்து இதேபோல் கட்டிய வளையமோ சப்ளை கொடுத்ததுமே அலைந்தது. ஏன்?
– ஒரு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: அந்த நேர்கோட்டைப் பார்த்ததும் வயரிங் தப்பு என்றோ மென்பொருளில் கோளாறு என்றோதான் எல்லோருக்கும் தோன்றும். உங்களுக்கு இரண்டும் இல்லை. ஸ்பைஸ் சரியான விடையைத்தான் தந்திருக்கிறது.

இங்கே இன்வெர்ட்டர் என்பது வீட்டில் பேட்டரியோடு இருப்பதல்ல. உள்ளே மின்னழுத்தம் ஏறினால் வெளியே இறக்கித் தரும் சிறு சுற்று. நேரத்தோடு கணக்கைத் தொடங்கும் முன் ஸ்பைஸ் 'டிசி நிலை'யைக் கண்டுபிடிக்கும்; அதாவது, எதுவும் மாறாமல் எல்லா மின்னோட்டமும் சமன்படும் நிலை. உங்கள் வளையத்தில் அது, மூன்று முனைகளும் நடு மின்னழுத்தத்தில் நிற்பதுதான்.

ஆனால் அது சுற்றாத பம்பரத்தை ஆணி முனையில் நிறுத்தியது போன்ற சமநிலை. மூச்சுக்காற்று பட்டாலும் சாய்ந்துவிடும். லேபில் அந்த மூச்சுக்காற்று எப்போதும் உண்டு. அதன் பெயர் வெப்ப இரைச்சல், அதாவது எலக்ட்ரான்களின் ஓயாத சலசலப்பு. அறை வெப்பத்தில் 1 கிலோஓம் ரெசிஸ்டரே 1 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குச் சுமார் 4 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும். சாதாரண டிரான்சியன்ட் ஓட்டத்தில், அதாவது நேரத்தோடு நகரும் கணக்கில், ஸ்பைஸ் இதைச் சேர்ப்பதில்லை. தள்ள ஆளில்லாததால் பம்பரம் அப்படியே நிற்கிறது.

சப்ளையை 0-விலிருந்து மெல்ல ஏற்றினால் போதும் என்று பலர் சொல்வார்கள். ஒரேமாதிரி மூன்று இன்வெர்ட்டர்கள் என்றால் மூன்று முனைகளும் சேர்ந்தே ஏறி, மறுபடி நடுவிலேயே நின்றுவிடலாம். ஒரு முனையை மட்டும் அசைக்க வேண்டும்.

அதற்கு ஒரு முனையில் 10 மைக்ரோஆம்பியர் மின்னோட்டத்தை 10 பிகோநொடிக்கு மட்டும் செலுத்துங்கள். அந்த முனையின் கெபாசிட்டன்ஸ் 10 ஃபெம்டோஃபாரட் என்றால், அது சுமார் 10 மில்லிவோல்ட் நகரும். அது போதும், அலை தானாக வளர்ந்து முழு உயரத்துக்கு வந்துவிடும்.

இந்த உதை சிறியதாகவே இருக்கட்டும். மூன்று கட்ட வளையம் தானே புறப்பட, நடு மின்னழுத்தத்தில் ஒவ்வொரு இன்வெர்ட்டரின் பெருக்கமும் 2-க்கு மேல் இருக்க வேண்டும். பெருக்கம் போதாவிட்டால் சின்ன அசைவு தேய்ந்து மறையும். திரையில் உடனே தெரிந்துவிடும். 1 வோல்ட் உதை கொடுத்தால்தான் ஓடுகிறது என்றால் அந்தச் சுற்றை நம்பாதீர்கள். சிப்பில் அதை எழுப்ப இரைச்சலின் மைக்ரோவோல்ட்டுகள்தான் இருக்கும்.