இரவில் படுக்கையறைச் சூட்டைத் தணிப்பது எப்படி?



மாசி, பங்குனி வந்துவிட்டால் தோட்டத்து மருந்தகத்தில் காலையில் ஒரே பாட்டுத்தான். "டிரஸ்ஸரையா, ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லீங்க. தூக்க மாத்திரை இருந்தா ரெண்டு கொடுங்க." கொடுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் சூடு வீட்டில் இருக்கும்போது மாத்திரை வயிற்றுக்குள் போய் என்ன செய்யும்? ஆகவே இம்முறை மருந்தை விட்டுவிட்டு வீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

இது சுகவாசிகள் பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். பால்வெட்டுக்குப் போகிறவர் விடியற்காலை நாலரைக்கு எழுந்தாக வேண்டும். வீட்டின் சூடு தணியவே இரவு பன்னிரண்டு ஆகிறது என்றால், அவருக்குக் கிடைப்பது நாலு மணி நேரத் தூக்கம். இப்படி ஒரு வாரம் போனால் கை தடுமாறும். வெட்டுக்கத்தி பட்டையில் இறங்குவதற்குப் பதில் விரலில் இறங்கும். செம்பனையில் குலை வெட்டுகிறவருக்கோ தலைக்கு மேலே அரிவாளும் குலையும்.

நம் உடம்பு தூங்கப் போகும் நேரத்தில் தன் உள்சூட்டைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளும். கை கால் தோல் வழியாகவும் வியர்வை வழியாகவும் அந்தச் சூடு வெளியேறும். அறை புழுங்கினால் அதற்குப் போக இடமில்லை. மனுஷன் புரண்டு புரண்டு படுக்கிறான்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? நடுப்பகலில் தகரக் கூரை கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது. மேல்தட்டு இல்லாத வீட்டில் அந்தக் கொதிப்பு நேரே கட்டில்மீது இறங்கும். தகரம் மெல்லியது, பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். ஆறாமல் இருப்பது செங்கல், சிமெண்டுச் சுவர். மாலை வெயிலை வாங்கிய மேற்குச் சுவர் அஞ்சாறு மணி நேரம் கழித்து அதை உள்ளே கக்கும். ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். பழைய பலகை லயத்தில் இருந்தவர்கள் "அங்கே ராவுல குளுகுளுன்னு இருக்கும்" என்று சொல்வது வெறும் பழம்பெருமை அல்ல. பலகை சூட்டைப் பிடித்து வைப்பதில்லை.

எனவே முதல் வேலை, மேற்குச் சுவரில் வெயில் படாமல் பார்ப்பது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் பந்தல் போட்டு அவரையோ பாகலோ ஏற்றுங்கள். நிழலும் ஆச்சு, கறிக்கும் ஆச்சு. கொடி வளரும் வரை பழைய சாக்கையோ அத்தாப்பையோ கட்டித் தொங்கவிடலாம். பகல் பன்னிரண்டுக்குப் பிறகு வெயில் விழும் பக்கத்துச் சன்னலைச் சாத்தித் திரை போடுங்கள்.

நம் ஆட்கள் செய்வது நேர் எதிர். பகலெல்லாம் சன்னல் திறந்து கிடக்கும், ராத்திரி திருடனுக்கும் கொசுவுக்கும் பயந்து இறுக்கிச் சாத்துவார்கள். இருட்டிய பிறகு வெளிக்காற்று வீட்டுக்குள் இருப்பதைவிடக் குளிர்ந்துவிடுகிறது. எட்டு மணிக்கு வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். வெளியே சிலுசிலுப்பாக இருந்தால் அதுதான் திறக்கும் நேரம். ஒரே சன்னல் போதாது. எதிரும் புதிருமாக இரண்டு வழி இருந்தால்தான் காற்று ஓடும். பின்பக்கம் சன்னல் இல்லாத வீட்டில் கதவுக்கு மேலே கம்பி வலை போட்ட திறப்பு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். சூடான காற்று மேலேதான் நிற்கும், அது வெளியேற அந்த வழி உதவும்.

கொசுப் பயம் நியாயமானது. டிங்கிக் கொசு பெரும்பாலும் விடிந்த பிறகும் பொழுது சாயும் முன்னும் கடிக்கும். இரவில் கடிக்கும் ஜாதியும் உண்டு. சன்னலுக்குக் கம்பி வலை அடியுங்கள், இல்லாவிட்டால் கொசு வலைக்குள் படுத்துக் காற்றாடியை வலைப்பக்கம் திருப்புங்கள். சாத்திய அறைக்குள் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவதை மட்டும் விட்டுவிடுங்கள். இழுப்புள்ள பிள்ளைகளுக்கு அந்தப் புகை விஷம்.

காற்றாடி அறையைக் குளிரவைக்கும் பொருள் அல்ல. உடம்பின் வியர்வையை உலர்த்தித்தான் நமக்குக் குளிர்ச்சி தருகிறது. ஆளில்லாத அறையில் அது சுற்றினால் கரண்டு காசுதான் போகும். ஆனால் படுக்கும் முன் அரை மணி நேரம் அதைச் சன்னலில் வெளிப்பக்கம் பார்க்க வைத்து, எதிர்ச் சன்னலைத் திறந்து விடுங்கள். உள்ளே தங்கிய சூட்டை அது வெளியே தள்ளிவிடும். பிறகு ஆள்மேல் திருப்பிக்கொள்ளலாம். நிற்கும் காற்றாடி 50, 60 வாட்தான் தின்னும். ஒரு குதிரைச் சக்தி ஏர்கண்டிஷன் 800 வாட் அளவுக்குப் போகும்.

ஈரத்துணியைக் காற்றாடி முன் தொங்கவிடுவது, தரையில் தண்ணீர் தெளிப்பது என்று சிலர் செய்கிறார்கள். வறண்ட தேசத்தில் அது பலிக்கும். இங்கே ராத்திரிக் காற்றில் ஏற்கெனவே ஈரம் ததும்புகிறது. மேலும் ஈரம் சேர்த்தால் வியர்வை உலராது, புழுக்கம்தான் மிஞ்சும். தண்ணீரை அறைக்கு ஊற்றாமல் உடம்புக்கு ஊற்றுங்கள். படுக்கும் முன் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டு, அரைகுறையாகத் துவட்டிக் காற்றாடி முன் உட்காருங்கள். "ராவுல குளிச்சா சளி புடிக்கும்" என்பது பாட்டி காலத்துப் பேச்சு. சளி கிருமியால் வருவது. ஐஸ் தண்ணீர் வேண்டாம், தோல் சுருங்கிச் சூடு உள்ளேயே நின்றுவிடும்.

பஞ்சு மெத்தை உடம்புச் சூட்டைப் பிடித்துக்கொள்ளும். வெயில் காலத்தில் மெங்குவாங் பாயோ கோரைப்பாயோ மேல். சம்சு போட்டால் நல்லாத் தூக்கம் வரும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தூக்கம் வரும், நடுச்சாமத்தில் நாக்கு வறண்டு அதுவே எழுப்பியும் விடும்.

வயசானவர்களைத் தனியாகக் கவனியுங்கள். 2016ல் கடுமையான வெப்பத்தால் பெர்லிஸ், கெடாவில் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். அந்த மாதிரி நாட்களில் பாட்டி தாத்தாவுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் தண்ணீர் சீக்கிரம் குறையும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக்கூடாது, வந்து கேளுங்கள். உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சுக் குழறி, ஆள் தெரியாமல் உளறினால் அது வெறும் மயக்கம் அல்ல. உடனே 999க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பச்சைப் பிள்ளைக்குக் குல்லா, கையுறை, கம்பளி எல்லாம் போட்டு மூடாதீர்கள். ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். கழுத்தின் பின்புறம் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் பிள்ளைக்குச் சூடு அதிகம்.

கடைசியாகக் கூரை. மேல்தட்டு போடுவதும், தகரத்துக்கு வெள்ளைச் சாயம் அடிப்பதும் நம் கைக்காசில் ஆகிற காரியமல்ல. தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று 1990லேயே சட்டம் வந்தது, 2019ல் திருத்தமும் ஆனது. வீட்டைப் பழுதின்றி வைப்பது முதலாளி பொறுப்பு. பழைய அஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் நீங்களாக ஏறிச் சுரண்டவோ துளை போடவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஒரு வெப்பமானியைக் கட்டில் அருகே தொங்கவிட்டு, ஒரு வாரம் இரவு பத்து மணிக்கு உள்ளே எவ்வளவு, வாசலில் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். வெப்பமானி இல்லாதவர்கள் மருந்தகத்தில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். வீட்டு எண்ணையும் போட்டு அந்தத் தாளைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். "ரொம்ப சூடுங்க" என்று வாயால் சொன்னால் ஆபீசில் சிரிப்பார்கள். ஏழு நாள் கணக்கைக் காட்டினால் கிராணியும் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் படிக்க வேண்டும்.