விழைவு வேறு, சுவை வேறு

இன்பம் தருவதையே நாம் நாடுகிறோம் என எண்ணுகிறோம். ஆயின், நாடுவன யாவும் இன்பம் தருகின்றனவா? மூளையியல் இதற்குக் கூறும் விடையை ஆராய்வோம்.

பெருமூளையின் உள்விளிம்பாக அமைந்த பகுதிக்கு, 'விளிம்பு' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைக்கொண்டு 1878-இல் பெயரிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா. அதனையும் அதனோடு இணைந்த பகுதிகளையும் 'லிம்பிக் மண்டலம்' என 1952-இல் அழைத்தவர் பால் மக்லீன். அச்சம், நினைவு, விருப்பு ஆகியவற்றில் இம்மண்டலத்திற்குப் பெரும்பங்குண்டு.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்சும் பீட்டர் மில்னரும் எலியின் மூளையில் நுண்கம்பியைப் பொருத்தினர். நெம்புகோலை அழுத்தும்போதெல்லாம் அம்மண்டலத்திற்கு மெல்லிய மின்தூண்டல் கிடைத்தது. எலி ஓயாது அழுத்திற்று. இது 1954-இல் வெளியாயிற்று. பின்வந்த சோதனைகளில் மணிக்கு 2000 முறைக்கு மேல் அழுத்திய எலிகளும், அதன்பொருட்டு உணவைக் கைவிட்ட எலிகளும் இருந்தன. அவ்வுயிர்கள் பட்ட துன்பம் நம் நெஞ்சை வருத்துகிறது. எனினும் தெரியவந்த உண்மையை நாம் அறிதல் வேண்டும்.

அவ்வெலிகள் இன்பத்தில் திளைத்தன என்றே முதலில் கருதினர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் கண்டது வேறு. டோபமின் என்னும் வேதிப்பொருள் மூளையில் ஏறக்குறைய இல்லாது போன எலிகள் தாமாக உணவை நாடவில்லை. ஆயினும் இனிப்பை நாவிலிட்டபோது முன்போலவே சுவைத்தன. எனவே, டோபமின் ஊட்டுவது பெரிதும் விழைவையே, சுவையை அன்று.

அவ்விழைவு எப்போது எழுகிறது? உல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் இதனை ஆராய்ந்தார். எதிர்பாராது பழச்சாறு கிடைத்தபோது டோபமின் நரம்பணுக்கள் கிளர்ந்தன. சாற்றுக்கு முன்னர் ஓர் அறிகுறி வரும் எனப் பழகியபின், அவை அறிகுறிக்கே கிளர்ந்தன. உரிய நேரத்தில் சாறு வாராதபோது அவற்றின் இயக்கம் தணிந்தது. கைபேசி ஒலித்த கணமே நம் கை நீள்வதும் இத்தகையதே.

குடிப்பழக்கத்தில் வீழ்ந்த ஒருவர், "இதில் எனக்கு இன்பமே இல்லை" என்று கூறிவிட்டு மறுநாளும் குடிக்கிறார். பொய்யுரைக்கிறார் எனச் சினம் கொள்கிறோம். அவர் கூறுவது மெய்யாகவும் இருக்கலாம். சுவை தேய்ந்தபின்னும் விழைவு நிலைத்திருக்கும். அவருக்கு வேண்டுவது இகழ்ச்சியன்று. மருத்துவமும், விழைவைத் தூண்டும் இடத்தையும் பொருளையும் விட்டு விலகியிருக்க நாம் செய்யும் துணையுமே.