பள்ளிப் பேருந்தும் செம்பனையும்



நான் தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்குச் சென்ற நாளில், பொழுது புலருமுன்பே அம்மா பெரட்டுக்குப் போய்விடுவார். சற்று நேரத்தில் செம்மண் சாலையில் பள்ளிப் பேருந்தின் 'கடகட' ஓசை கேட்கும். லயத்துப் பிள்ளைகள் புத்தகப் பையுடன் ஓடுவோம். அவ்வோசையின் காரணத்தை அன்று நான் அறியேன்.

பெட்ரோல் இயந்திரத்தில், காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை மின்பொறி பற்றவைக்கிறது. டீசல் இயந்திரத்திற்கு மின்பொறி வேண்டுவதில்லை. அதன் உருளைக்குள் காற்று மட்டும் மிகுதியாக அழுத்தப்படுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதுபோல், அக்காற்றும் 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அதனுள் பீச்சப்படும் டீசல் தானே தீப்பற்றி, பிஸ்டனைத் தள்ளுகிறது. அது சட்டென்று பற்றி எரிவதே கடகட ஓசைக்குக் காரணம். எரிபொருள் குறைவாகச் செலவாவதாலும், பளுவை இழுக்கும் வலிமை மிகுந்திருப்பதாலும் இது பேருந்துக்கு ஏற்றது.

இவ்வியந்திரத்தை 1897-இல் வெற்றியுடன் இயக்கிக் காட்டியவர் ருடால்ஃப் டீசல். 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் இயந்திரம் ஒன்று கடலையெண்ணெயில் ஓடியது. மலேசியாவில் 2019-இல், வாகன டீசலுடன் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளை 10 விழுக்காடு கலக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

அம்மா குனிந்து பொறுக்கிய உதிரிப் பழங்களை அன்று கூலிக் கணக்காக மட்டுமே அறிந்திருந்தேன். இன்று அத்தகைய பழங்களின் எண்ணெய் பேருந்தையும் ஓட்டுகிறது. பெற்றோரின் உழைப்பே உங்களைப் பள்ளிக்குச் சுமந்து செல்கிறது என்பதை மறவாதீர்கள், கருத்தூன்றிப் பயிலுங்கள்.