கேட்டதும் எழுதியதும்

ஒருவரை வினவி அறிந்த செய்தியைப் பிறர் விரும்பிப் படிக்கும் வரலாறாக எழுதுதல் எளிய செயல் போலத் தோன்றும். அதன் அருமையைத் திருவண்ணாமலையில் வாழ்ந்த இரமண மகரிஷியைப் பற்றிய இரு நூல்களின் வாயிலாக உணரலாம்.

1902-ஆம் ஆண்டளவில், வருவாய்த் துறையிற் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை என்பார் மலைக் குகையிலிருந்த இளந்துறவியாகிய இரமணரைக் கண்டார். அந்நாளில் துறவி பேசுவதில்லை; பிள்ளையின் வினாக்களுக்கு எழுதிக்காட்டியே விடை தந்தார். அவையே பின்னர் 'நான் யார்?' என்னும் சிறுநூலாயின. வினாக்களை நீக்கி அதனைக் கட்டுரை வடிவில் அமைத்தவரும் இரமணரே. ஆதலின் இவர் கூறியது இதுதானோ என்னும் ஐயத்திற்கு அங்கே இடமில்லை.

மற்றொன்று அத்தகையதன்று. சேலத்தில் வழக்கறிஞராயிருந்து துறவு பூண்ட நரசிம்ம சுவாமி, இரமணரிடத்தும் அவரை அறிந்தாரிடத்தும் செய்திகளைக் கேட்டுத் திரட்டி, 1931-இல் ஆங்கிலத்தில் ஒரு வரலாறு வெளியிட்டார். அந்நூலின் உயிர்நிலை, 1896-இல் மதுரையில் நிகழ்ந்தது. வேங்கடராமன் என்னும் பெயருடன் வாழ்ந்த 16 வயதுச் சிறுவனை, உடல்நலம் குன்றாதிருக்கும்போதே, சாவச்சம் திடீரெனப் பற்றியது. அவன் கைகால்களை விறைப்பாக நீட்டிப் பிணம்போற் கிடந்து, இவ்வுடல் எரிந்து சாம்பலானபின் எஞ்சுவது யாது என்று தன்னுள்ளே ஆராய்ந்தான். இந்நிகழ்ச்சியை, மகரிஷியே 'நான்', 'எனது' என்று தம் வாயாற் சொல்வதுபோல நரசிம்ம சுவாமி எழுதினார். படிப்போர் நெஞ்சம் சிறுவனோடு ஒன்றிவிடுகிறது.

ஆயின், மகரிஷி அவ்வாறு பேசும் வழக்கமுடையவரல்லர். தன்மைச் சொல் அவர் பேச்சில் அருகியே வரும். 'அஞ்சினேன்' என்னாது 'அச்சம் தோன்றிற்று' என்று கூறுதல் தமிழுக்கு இயல்பே. எழுவாயை வெளிப்படக் கூறாமலே நம் மொழியில் நெடுநேரம் உரையாடலாம். ஆங்கிலம் அவ்வாறு இடந்தராது. சாட்சியின் சொல்லை மாற்றாது பதிவுசெய்யும் நெறியை வழக்கறிஞர் அறியாதவரா? அறிந்தே மாற்றினார், மாற்றியதை மறைக்கவுமில்லை. உரைத்த சொற்கள் அப்படியே பதிவாகவில்லை என்றும், மேனாட்டார் முதலிய படிப்போர்க்கு ஏற்றவாறு தன்மையிடத்து நடையை மேற்கொண்டதாகவும் அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டார்.

இஃது அவர் நேர்மையைக் காட்டுவது. எனினும் இழப்பும் சிறிதன்று. 'நான்' என்பது யாது என ஆராய்வதே மகரிஷியின் போதனை. அச்சொல்லையே அவர் வாயில் மிகுதியாக வைத்தால், கதை தெளிவுறும். கூறியவரின் குரல் மாறிவிடும். நிகழ்ச்சிகளை முறைப்படுத்துதலும், இடத்தையும் காலத்தையும் விளக்குதலும் எழுதுவோர்க்கு உரியனவே. பேசியவரின் இலக்கணத்தை மாற்றுதல் அவ்வளவில் நிற்பதன்று.

பின்வந்த நூல்கள் பலவற்றில் அப்பகுதி மகரிஷியின் சொந்த வாக்காகவே மேற்கோள் குறிகளுக்குள் இடம்பெற்றது. கதை கடல் கடந்தும் சென்றது. அடிக்குறிப்பு அதனுடன் செல்லவில்லை.