பிரிவதா, சேர்ந்திருப்பதா? கியூபெக் வாக்கெடுப்புகள் கற்பிக்கும் பாடம்

பெற்றோரின் காணியைப் பிள்ளைகள் பங்கிடும்போது எழும் கேள்விகளை நாம் எல்லோரும் அறிவோம். கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு? ஒழுங்கையை எந்தப் பக்கம் விடுவது? பழைய கடனை யார் இறுப்பது? அதே வளவில் குடியிருக்கும் முதிய தாயாரின் விருப்பத்தை யாராவது கேட்டார்களா? ஒரு நாட்டிலிருந்து ஒரு பகுதி பிரிந்து செல்ல விரும்பும்போதும் இதே கேள்விகள்தாம் பெரிய அளவில் எழுகின்றன.

இறைமை என்பது தன் எல்லைக்குள் சட்டம் இயற்றவும், வரி விதிக்கவும், பிற நாடுகளோடு உடன்படிக்கை செய்யவும் ஓர் அரசுக்குள்ள உச்ச அதிகாரமாகும். அந்த அதிகாரத்தை வாக்குச் சீட்டினால் மட்டும் பெற முடியுமா? இக்கேள்வியைக் கனடாவின் கியூபெக் மாகாணம் இரு தடவை தன் மக்கள் முன் வைத்தது. நம்மவரும் பலர் வாழும் மொன்றியல் நகரம் இம்மாகாணத்திலேயே உள்ளது.

வரலாற்றுப் பின்னணி

கியூபெக் ஆரம்பத்தில் பிரான்சின் குடியேற்ற நாடாக இருந்தது. 1759ஆம் ஆண்டுப் போரில் பிரித்தானியர் கியூபெக் நகரைக் கைப்பற்றினர். 1763இல் பாரிஸ் உடன்படிக்கை மூலம் அப்பிரதேசம் முழுவதும் அவர்கள் வசமாயிற்று. எனினும் 1774ஆம் ஆண்டின் கியூபெக் சட்டம் கத்தோலிக்க வழிபாட்டையும் பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தையும் தொடர இடமளித்தது. ஆங்கிலம் பேசும் பெருங்கண்டத்தின் நடுவே பிரெஞ்சு மொழி நிலைத்ததற்குப் பங்குக் கோவில்களும் துறவற சபைகளின் பாடசாலைகளும் பெரிதும் காரணமாகும்.

1867இல் கனடா ஒரு சமஷ்டி நாடாக அமைந்தபோது கியூபெக் அதன் மாகாணங்களுள் ஒன்றாயிற்று. ஆயினும் தம் மண்ணிலேயே வணிகமும் உயர் தொழில்களும் ஆங்கிலத்தில் நடப்பது பிரெஞ்சு மக்களுக்குக் குறையாகவே இருந்தது. 1968இல் றெனே லெவெக் என்பவரின் தலைமையில், இறைமையுள்ள கியூபெக்கை இலக்காகக் கொண்ட கட்சி ஒன்று தோன்றியது. 1976இல் அக்கட்சி மாகாண ஆட்சியைப் பிடித்தது. மறு ஆண்டே பிரெஞ்சைப் பொது வாழ்வின் மொழியாக்கும் சட்டம் நிறைவேறியது.

இரண்டு வாக்கெடுப்புகள்

முதலாவது சர்வசன வாக்கெடுப்பு 1980 மே 20ஆம் திகதி நடைபெற்றது. இறைமையையும், அதனுடன் கனடாவோடு ஒரு பொருளாதாரக் கூட்டையும் பற்றிப் பேச்சு நடத்த அனுமதி தருவீர்களா என்பதே கேள்வியின் சாரம். அக்கேள்வியோ நூறு சொற்களுக்கு மேல் நீண்டது! இல்லை என்றவர்கள் 59.56 வீதம், ஆம் என்றவர்கள் 40.44 வீதம். இதற்கு முன்னதாகவே கியூபெக் ஆயர்கள் மக்களுக்கு விடுத்த செய்தியில், தம் அரசியல் எதிர்காலத்தைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் மக்களே என்று கூறி, எந்தப் பக்கமும் சாராது நின்றார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

அதன் பின் 1982இல் கனடா தன் அரசியல் யாப்பைப் பிரித்தானியாவிடமிருந்து முழுமையாகத் தன் கைக்கு எடுத்துக்கொண்டபோது கியூபெக் அரசு அதற்கு இணங்கவில்லை. இணக்கம் காண எடுத்த முயற்சிகள் 1990இலும் 1992இலும் தோல்வியுற்றன. மனக்கசப்பு வளர்ந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டாவது வாக்கெடுப்பு நடந்தது. வாக்காளரில் 93 வீதத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். இல்லை என்றவர்கள் 50.58 வீதம், ஆம் என்றவர்கள் 49.42 வீதம். வித்தியாசம் 54,288 வாக்குகளே. ஏறக்குறைய 27,000 பேர் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். நிராகரிக்கப்பட்ட வாக்குகளோ 86,000க்கு மேற்பட்டவை!

அன்றிரவு மாகாண முதல்வர் ஜாக் பரிசோ, தோல்விக்குப் பண பலமும் வேற்றினத்தார் வாக்குகளுமே காரணம் என்று பேசினார். அச்சொல் அவருடைய ஆதரவாளரையும் வெட்கப்படுத்தியது. மறுநாள் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார்.

நீதிமன்றத்தின் பதில்

கியூபெக் தன்னிச்சையாகப் பிரிந்துபோகலாமா என்ற கேள்வியை மத்திய அரசு கனடிய உயர் நீதிமன்றத்திடம் கொண்டு சென்றது. 1998 ஆகஸ்ட் 20ஆம் திகதி நீதியரசர்கள் இரு பக்கமும் வெட்டும் பதிலைத் தந்தார்கள். கியூபெக் தன்னிச்சையாகப் பிரிந்துபோக யாப்பிலும் இடமில்லை, சர்வதேச சட்டத்திலும் இடமில்லை. குடியேற்ற ஆட்சிக்கோ அந்நிய ஆதிக்கத்துக்கோ உட்பட்ட மக்களுக்குப் பிரிந்துபோகும் உரிமை உண்டு. கியூபெக் மக்கள் அந்நிலையில் இல்லை. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை ஆம் என்று பதிலளித்தால், மற்றவர்கள் அதை அலட்சியம் செய்யவும் முடியாது. நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்த அவர்கள் கடமைப்பட்டவர்கள். சமஷ்டி முறை, சனநாயகம், சட்டத்தின் ஆட்சி, சிறுபான்மையினரின் பாதுகாப்பு என்னும் நான்கும் அப்பேச்சுக்கு வழிகாட்ட வேண்டும்.

நாம் கற்கும் பாடங்கள்

முதலாவது, கேள்வி தெளிவாக இருத்தல் வேண்டும். 1995இல் கனடாவோடு புதிய கூட்டொன்றுக்கு முன்மொழிவு செய்தபின் இறைமை பெறுவதா என்று கேட்கப்பட்டது. முற்றாகப் பிரிவதா, பாதி சேர்ந்திருப்பதா எனப் பலர் மயங்கினர். விளங்காமல் வைத்த கையொப்பம் காணி உறுதியிலேயே வழக்கைக் கொண்டுவரும். நாட்டின் விடயத்தில் சொல்லவும் வேண்டுமா?

இரண்டாவது, எத்தனை பேர் ஆம் என்றால் போதும் என்பதை முன்கூட்டியே இணங்கிக்கொள்ள வேண்டும். 2006இல் மொன்ரனீக்ரோ சேர்பியாவிலிருந்து பிரிய வாக்கெடுத்தபோது 55 வீதம் வேண்டும் என்று முதலிலேயே இணங்கியிருந்தார்கள். 55.5 வீதம் கிடைத்தது. பிரிவு அமைதியாக நடந்தேறியது. கனடாவிலோ 2000ஆம் ஆண்டின் சட்டம் எந்த எண்ணையும் குறிக்கவில்லை. கியூபெக் அரசோ பாதிக்கு மேல் ஒரு வாக்குப் போதும் என்கிறது. அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

மூன்றாவது, சிறுபான்மைக்குள்ளும் ஒரு சிறுபான்மை உண்டு. 1995 வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன் கியூபெக்கின் வடக்கே வாழும் ஆதிக்குடிகளான கிறீ மக்கள் தாங்களே ஒரு வாக்கெடுப்பை நடத்தினர். தம் நிலத்தோடு கனடாவை விட்டுப் போக 96 வீதமானோர் மறுத்தனர். நமக்கு உரிமை கேட்கும் நாம், நம்மிடம் உரிமை கேட்பவர்க்கு என்ன பதில் சொல்வோம்? தாயாரின் விருப்பம் என்று மேலே சொன்னது இதைத்தான்.

நான்காவது, வாக்கெடுப்பு பேச்சுக்கு மாற்றாகாது. 1905இல் நோர்வே மக்கள் சுவீடனை விட்டுப் பிரிய 368,208 பேர் ஆம் என்றனர். மறுத்தவர் 184 பேரே. அத்தனை பெரிய வெற்றிக்குப் பின்னும் அவர்கள் கார்ல்ஸ்டாட் நகரில் சுவீடனோடு அமர்ந்து பேசினார்கள். எல்லைக் கோட்டைகள் சிலவற்றை இடித்துவிடவும் இணங்கினார்கள். போர் இன்றியே இரு நாடுகளும் பிரிந்தன, அயலவராக வாழ்கின்றன.

கியூபெக் இன்றும் கனடாவிலேயே உள்ளது. கியூபெக்குவா மக்கள் ஒன்றுபட்ட கனடாவுக்குள் ஒரு தேசிய இனம் என்பதை 2006இல் கனடியப் பாராளுமன்றம் ஏற்றது. இரு பக்கத்தாரும் வாக்களித்த மறுநாட் காலை அதே கடையில் பாண் வாங்கினார்கள். அடுத்த ஞாயிறு அதே கோவில் வாங்கில் அருகருகே அமர்ந்தார்கள். எந்தத் தீர்மானத்துக்குப் பின்னும் அப்படி அமரக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடலாகாது.

குடும்பத்தில் கலந்துரையாட

1. நூறு பேரில் 51 பேர் விரும்பும் மாற்றத்தை 49 பேர் மீது சுமத்துவது எப்போது நியாயமாகும், எப்போது அநியாயமாகும்?

2. தெளிவான பெரும்பான்மையின் விருப்பத்தை மற்றவர்கள் கேளாதிருந்தால் என்ன நேரும்?

3. நம் வீட்டிலும் ஊரிலும் குரல் குறைந்தவர்கள் யார்? முடிவெடுக்குமுன் அவர்களைக் கேட்கிறோமா?