திருவிடங்களின் பொருளும் அவற்றின் கருத்தும்

இறைவன் எங்கும் நிறைந்தவன் எனக் கற்பிக்கும் நாம், அடுத்த பாடத்திலேயே அவன் கல்லாலாகிய திருக்கோயிலில் எழுந்தருளியிருக்கின்றான் என்றுங் கற்பிக்கின்றோம். இவ்விரண்டும் எங்ஙனம் பொருந்தும் என மாணாக்கன் வினவின் விடை யாது? கோயிலும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்குங் கல்முனைப் பகுதியில் இவ்வினா மேலும் வலியுறும். "அவர்கள் உருவம் வையாது தொழுகின்றனர், நாம் ஏன் கல்லை வணங்குகின்றோம்?" எனப் பிள்ளைகள் கேட்பது இயல்பே. அதட்டினால் ஐயம் அகலாது. பிறர் வழிபாட்டை இகழ்ந்து விடையிறுப்பின் அது சைவத்துக்கே இழுக்காம். ஆதலின், திருவிடங்கள் எப்பொருள்களால் ஆயின என்பதனை முதற்கண் ஆராய்வாம்.

மண்: காஞ்சி ஏகாம்பரநாதர் இலிங்கத் திருமேனி மண்ணாலாயது, அதனால் அத்திருமேனிக்கு நீராட்டு இல்லை. நபிகள் நாயகம் 622 ஆம் ஆண்டு மதீனாவை அடைந்தபின் எழுப்பிய பள்ளிவாசலும் சுடாத மண்கற் சுவரும், பேரீச்சந் தூணும், ஓலைக் கூரையும் உடையதாயிருந்தது. அம்பாறை மாவட்டத்துத் தீகவாபித் தூபி செங்கல்லாலானது.

கல்: 7 ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு என்னும் இவையின்றி மண்டகப்பட்டிலே கோயில் குடைவித்தமையை அவன் கல்வெட்டே கூறும். 10 ஆம் நூற்றாண்டிற் செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். மாலைதீவினரோ 1658 இல் தங்கள் பெரிய பள்ளிவாசலைக் கடலிற் கிடைத்த பவளக்கல்லாற் செதுக்கி அமைத்தனர். அவ்வவ் விடத்துக் கிடைத்த சிறந்த பொருளே வழிபாட்டுக்குரியதாயிற்று என்க.

துணி: கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாய் அமைந்தது. அப்பெரியார் அடக்கமாகியது நாகூரில். இங்கே இருப்பது நினைவிடமே. எனினும் ஆண்டுதோறுங் கொடியேற்று விழா நிகழ, மக்கள் திரள்கின்றனர். நம் கோயில்களிலுந் திருவிழாவைத் தொடக்குவது கொடியேற்றமன்றோ? நெசவாளன் தறியிற் பிறந்த துணி, கொடியாகி உயர்ந்தவுடன் ஊரையே அழைக்கின்றது.

நீரும் நெருப்பும்: காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசியிற் குளிர்த்தி நிகழும், வெம்மை தணிக்கும் நீர் அங்கே சிறப்புடைத்து. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் அடியார்கள் தீ மிதிப்பர்.

இனி வினாவுக்கு விடை காண்பாம். சிவஞானபோதப் 12 ஆஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு வழிபடுமாறு விதிக்கின்றது. இறைவன் ஏனை இடங்களிற் பாலில் நெய்போல் மறைந்து நிற்பன். இவ்விடங்களிலே தயிரில் நெய்போல் விளங்கி நிற்பன் என்பது நம் ஆசிரியர் காட்டும் உவமை. நெய் இரண்டிலும் உண்டு, விளக்கமே வேறு. ஆகவே நாம் வணங்குவது கல்லையன்று, கல்லில் விளங்குவானையே. இதனை உணர்ந்த மாணாக்கன், உருவமின்றித் தொழும் அயலவனையும் இகழான். தன் வழிபாட்டைக் குறித்து நாணவும் மாட்டான்.

2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்து ஊர்களைச் சமய வேறுபாடு பாராது தாக்கியது. சுவர் எத்துணை வலியதாயினும் அழியத்தக்கதே; மீண்டும் எழுப்புவது மக்களின் அன்பு.

ஆசிரியர்கள் இப்பாடத்தை நடத்துங்கால், மாணாக்கர் தம்மூர்க் கோயிலின் சுவர், கூரை, திருமேனி, கொடிமரம் முதலியன எப்பொருளாலாயின எனக் கண்டு எழுதுமாறு செய்க. பள்ளிவாசலுக்கு அயலில் வாழ்வோர் அங்குள்ள பெரியோரை வணக்கத்துடன் கேட்டு அதனையும் எழுதுக. ஈற்றிற் பூசலார் நாயனார் வரலாற்றைச் சொல்லுக. காடவர்கோன் பெரும்பொருள் செலவிட்டுக் காஞ்சியிற் கற்றளி எடுத்தான். பூசலார் ஒரு கல்லுமின்றி நெஞ்சத்தே கோயில் எடுத்தார். இறைவன் அவ்விரண்டிற்குங் குடமுழுக்கு நாள் ஒன்றாயிருப்பக் கண்டு, அரசனை வேறொரு நாள் கொள்ளுமாறு பணித்து, அன்பர் கோயிலுக்கே முதலில் எழுந்தருளினான். அரசன் கோயிலும் புறக்கணிக்கப்படவில்லை; அதன் முறைமட்டும் பின்னாயிற்று. எல்லாப் பொருளினும் முதற்பொருள் அன்பே என்பது இதனாற் பெறப்படும்.

சிவம்.